எட்டாவது குரல்

“மன்னிக்கவும். இந்தக் குரல் வேறொரு நிறுவனத்துக்கு உரிமையானது. தயவுசெய்து வேறு குரலில் முயற்சி செய்யுங்கள்.”

சொன்னது மெஷின். ஆனால் மெஷின் பேசிய குரல் தில்லைநாயகியுடைய குரல்.

கேட்டதும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து நாலே நாள். தையல் பிடித்து இழுத்தது. ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற பியூலா சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாகர்கோவில்காரர், இந்தப் பச்சிளம் குழந்தைகள் வார்டில் பதினெட்டு வருஷமாக இருப்பவர், அழுகிற அம்மாக்களை ஆயிரம் பார்த்திருக்கிறார். சிரிக்கிற அம்மா புதுசு.

“என்ன மக்ளே, எதுக்குச் சிரிக்குதிய?”

“இப்ப ‘மன்னிக்கவும்’னு சொல்லிச்சே, அது யாரு தெரியுமா சிஸ்டர்? நான்தான். நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். நாலு வருஷத்துக்கு முன்னாடி பேசிக் குடுத்தது. என் வாயாலயே என்னை வெளிய போன்னு சொல்றானுங்க பாருங்க!”

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. மறுபடி மைக்கின் முன்னால் குனிந்தாள்.

“டேய், அது என் குரல்டா. உள்ள படுத்திருக்கிறவனைப் பெத்தவ நான்!”

“மன்னிக்கவும்,” என்றது மெஷின். அவளைவிட இனிமையாகச் சொன்னது.

விஷயம் இதுதான். பையன் இருபத்தேழாவது வாரத்தில் அவசரப்பட்டு வந்துவிட்டான். தொள்ளாயிரத்து எண்பது கிராம். ஒன்பதாம் எண் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடந்தான். பேர் வைக்கவில்லை, பெட்டியில் ‘தில்லைநாயகியின் குழந்தை’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. அந்த வார்டில் இதுபோலப் பதினாறு பெட்டிகள். பழைய இன்குபேட்டர் மாதிரி இல்லை இவை. பக்கத்தில் இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

டாக்டர் சுபத்ரா இரண்டாம் நாளே சொல்லியிருந்தார். “முன்னாடி இருந்த பெட்டியில அலாரம், கதவு, நாங்க போடுற கூச்சல் எல்லாம் உள்ள போகும்மா. எத்தனையோ பிள்ளைங்களுக்குக் காது போச்சு. அதனால இதை முழுக்க அடைச்சாச்சு. உள்ள போறது ஒண்ணே ஒண்ணுதான், அம்மாவோட குரல். நீங்க மைக்ல எதையாவது பேசுங்க. மெஷின் உங்க குரலை எடுத்து, குழந்தையோட இதயத்துடிப்புக்கு ஏத்த தாளத்துல பாட்டாக்கி, நாள் முழுக்க மெதுவாப் பாடிக்கிட்டே இருக்கும்.”

“பாட்டு கேட்டா என்ன ஆகும் டாக்டர்?”

“மூச்சு விட ஞாபகம் வரும்.” தில்லை முறைத்ததும், “நிஜமாத்தான் சொல்றேன்,” என்றார். “இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தை மூச்சு விடவே மறந்துபோகும். இருபது செகண்ட், முப்பது செகண்ட் அப்படியே நின்னுடும். நாங்க உள்ளங்காலைச் சுண்டி ஞாபகப்படுத்துறோம். ஒவ்வொரு தடவை மறக்கும்போதும் மூளைக்கு அடி. அம்மா குரல் கேக்குற குழந்தைங்க பாதிக்குப் பாதி கம்மியாத்தான் மறக்குதுங்க.”

“அப்பா குரல் ஆகாதா?”

“ஆகும். ஆனா ஆள் இங்க வந்து தினமும் பேசணும். பழைய பதிவையே போட்டா ரெண்டு நாள்ல குழந்தைக்குச் சலிச்சுப்போகுது. அதனால தினம் கால் மணி நேரமாவது புதுசாப் பேசிக் குடுக்கணும்.”

அப்பாக்காரன் கருணாகரன் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். பனாமா பக்கம் எங்கேயோ இருந்தான். கரை சேர இன்னும் ஒன்றரை மாதம்.

மெஷின் அவளை மன்னிக்கச் சொன்ன அந்த நாளில் மட்டும் ஒன்பதாம் பெட்டிக்காரன் பதினான்கு தடவை மூச்சு விட மறந்தான். பதினான்கு தடவையும் பியூலா சிஸ்டரோ வேறு யாரோ ஓடிப்போய்க் காலைச் சுண்டினார்கள். மற்ற பதினைந்து பெட்டிகளிலும் அவரவர் அம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஸ்வரநிதி கம்பெனியிலிருந்து நிவேதன் என்று ஒருத்தன் வந்தான். குரல்களை வாங்கி விற்கிற கம்பெனி அது. இஸ்திரி போட்ட சட்டை, குனிந்து கும்பிடு, கையில் ஒரு டப்பா பேரீச்சம்பழம். ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து பேசினார்கள்.

“மேடம், எங்ககிட்ட இருக்கிற தமிழ்க் குரல்லயே உங்களோடதுதான் நம்பர் ஒன். பஸ்ல, பேங்க்ல, லிஃப்ட்ல எல்லாம் நீங்கதான். பெருமையா இருக்கு மேடம்.”

“பெருமையை நீ வச்சுக்கப்பா. என் புள்ளைக்கு நான் பேசணும். அதுக்கு வழி சொல்லு.”

“அங்கதான் சின்னச் சிக்கல். அறிவிப்பு வகைக்கு ஆஸ்பத்திரிக்குக் குடுத்திருக்கோம். தாலாட்டு வகையை ஒரு பொம்மைக் கம்பெனிக்கு மொத்தமாக் குடுத்தாச்சு. பொம்மை பாடித் தூங்க வைக்கும். ரொம்ப நல்லாப் போகுது. வேற எந்த மெஷினும் உங்க குரல்ல குழந்தைக்குப் பாட முடியாது.”

“பொம்மை பாடலாம். நான் பாடக் கூடாதா?”

“ஐயோ, நீங்க தாராளமாப் பாடலாம் மேடம்! உங்களை யார் தடுக்க முடியும்? மெஷின் வழியாத்தான் பாடக் கூடாது.”

“மெஷின் வழியாப் போகலைன்னா பெட்டிக்குள்ள கேக்காதேப்பா!”

“அது ஆஸ்பத்திரி விஷயம் மேடம். அதுல நாங்க தலையிட முடியாது.”

தில்லை பேரீச்சம்பழ டப்பாவைத் தூக்கி அவன் மடியில் போட்டாள். எறிந்தாள் என்றும் சொல்லலாம்.

கையெழுத்து போட்டது அவள்தான். அதை அவள் மறுக்கவில்லை. எப்படிப் போட்டாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். டப்பிங் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு காட்சி முடிந்து சிவப்பு விளக்கு அணைந்ததும் கோஆர்டினேட்டர் வந்து, வசனத்தாள் வைக்கிற ஸ்டாண்டில் அன்றைய வேலைக்கான சீட்டை வைப்பார். ஆர்ட்டிஸ்ட் தலையில் மாட்டிய ஹெட்போனைக்கூடக் கழற்றாமல், அடுத்த காட்சியின் உதட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே கிறுக்கிவிட்டு நிமிர்வார். ஸ்டாண்டில் வைத்த தாளைப் படிப்பவர் அந்தத் தொழிலில் கிடையாது. படித்தால் ‘என்ன தில்லை, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?’ என்பார்கள். அன்றைக்கு அழுகைக் காட்சி. மூன்று டேக்கும் நிஜமாகவே அழுதிருந்தாள். கண்ணெல்லாம் நீர். ஸ்டாண்டில் பதினோரு தாள் இருந்தது, பதினோரு கிறுக்கல் போட்டாள். அடுத்த வாரம் அர்த்தமில்லாத நானூறு வாக்கியங்களை அவளுடைய ஏழு குரலிலும் பேசச் சொன்னபோதுகூட ஏதோ ஒலிச் சோதனை என்றுதான் நினைத்தாள். அவள் மட்டுமில்லை, அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த பாதிப் பேர் இப்படித்தான் குரலைத் தொலைத்தார்கள்.

ஏழு குரல் என்றால் அவளுக்கு ஏழு ஆள். சொந்தக் குரல் ஒன்று. ஆறு வயசுப் பையன் ஒன்று. பல் போன கிழவி, சீரியல் வில்லி, செய்தி வாசிக்கிறவள், இருபது வயசுக் கதாநாயகி, பேய். மைக்கின் முன்னால் ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னிக்கவும் வந்தது. பேய்க் குரலில் அவள், “கண்ணே, அம்மா வந்திருக்கேன்,” என்றபோது பியூலா சிஸ்டர் கையிலிருந்த டிரேயைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏசுவே! வேண்டாம் மக்ளே, இது எந்தப் பிள்ளைக்கும் ஆகாது.”

ஏழாம் நாள் பியூலா சிஸ்டரே ஒரு யோசனை சொன்னார். பெட்டியின் பக்கவாட்டில் கைவிட்டுக் குழந்தையைத் தொடுவதற்கு வட்டமாக ஒரு ஜன்னல் உண்டு. “ஒரே ஒரு நிமிஷம் திறக்குதேன். வாயைப் பக்கத்துல வச்சுப் பேசிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

திறந்தார். தில்லை குனிந்தாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. “தங்கம், அம்மாடா. கேக்குதா? இங்கதான்டா இருக்கேன்.” அவ்வளவுதான் சொன்னாள். பெட்டிக்குள்ளேயும் ஒரு மைக் இருந்தது.

“பதிவில்லாத பயன்பாடு. உரிம மீறல். இந்த வார்டில் சேவை நிறுத்தப்படுகிறது.” இதையும் அவள் குரலிலேயே சொல்லிவிட்டு, மெஷின் பதினாறு பெட்டிகளிலும் பாட்டை நிறுத்தியது.

முதல் அலாரம் நாலாம் பெட்டியில் அடித்தது. அப்புறம் பன்னிரண்டில். அப்புறம் ஒன்று, ஆறு, பதினைந்து. நர்சுகள் பெட்டி பெட்டியாக ஓடிக் காலைச் சுண்டினார்கள். மறுபடி பாட்டு வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலாம் பெட்டிக் குழந்தையின் அம்மா, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் நின்றிருந்தவள், நேராக தில்லையிடம் வந்தாள்.

“உங்க ஒரு புள்ளைக்காக எங்க பதினஞ்சு புள்ளைங்களையும் சாகக் குடுக்கணுமா?”

எட்டு ஊர்ச் சண்டைக்காரியின் வாயை ஒரே ஆளாகப் பேசி மூடுகிறவள் தில்லை. ஆனால் அந்தப் பெண் மேல் கோபப்படவும் வழியில்லை. பியூலா சிஸ்டருக்கு மெமோ வந்தது. ஜன்னல்களுக்குப் பூட்டு வந்தது. அன்றைக்கு ஒன்பதாம் பெட்டியின் கணக்கு பதினேழு.

மறுநாள் காலை பத்து மணிக்கு தில்லை கிண்டியில் இருந்த ஸ்வரநிதி அலுவலக கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே விடவில்லை. அப்பாயின்ட்மென்ட் இருக்கா என்றார்கள். “என் தொண்டையை உள்ள வச்சிருக்கீங்க, அதைவிட என்னய்யா அப்பாயின்ட்மென்ட் வேணும்?” என்றாள். அப்புறம் கத்த ஆரம்பித்தாள். மாடியில் ஆள் நடமாடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. தையல் வலித்தது, பால் கட்டி மார்பு வலித்தது, அதையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். டப்பிங்கில் சென்சார் வெட்டுகிற அத்தனை வார்த்தையையும் அன்றைக்கு வெட்டில்லாமல் சொன்னாள். பைக்கில் போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். செக்யூரிட்டி ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “போதும்மா, வெயிலு ஏறுது,” என்றார். மதியம் ஒன்றரை மணிக்கு அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

ஆட்டோ பிடித்து வார்டுக்குத் திரும்பினாள். பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு எத்தனை தடவை சிஸ்டர்?” என்று கேட்டாள். கரகரவென்று அறுந்துபோன ஒரு சத்தம் வந்தது. அது அவளுக்கே யாருடையதோ என்றிருந்தது.

பெட்டியின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

“வணக்கம். புதிய குரல். குழந்தையின் தாயாகப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா?”

தில்லையும் பியூலா சிஸ்டரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“வாயைத் திறக்காதிய. தண்ணி குடிச்சிராதிய. இருமிராதிய,” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் படிவம் எடுக்க ஓடினார்.

படிவம் ஆறு பக்கம். தில்லை ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தாள். ஐந்தாம் பக்கத்தில், இந்தக் குரலைப் பிற பயன்பாடுகளுக்கு அளிக்கச் சம்மதம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பேனா தாளைக் கிழிக்கும்வரை அதை அடித்தாள். அப்புறம்தான் கையெழுத்து போட்டாள்.

முதல் பதிவுக்கு அரை மணி நேரம் பேச வேண்டும். என்ன பேசுவது? அவளுக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. கேட்டில் விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தாள். மெதுவாக, அடக்கமாக, பையனுக்குக் கதை சொல்கிற தோரணையில் ஸ்வரநிதிக்காரன்களை வரிசையாக வைத்துத் திட்டினாள். மெஷினுக்கு வார்த்தை வேண்டாம், குரல் போதும். அது அந்தக் கரகரப்பை எடுத்துப் பாட்டாக்கியது. வெளியே வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் அதைக் கேட்ட பியூலா சிஸ்டர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா கேக்குறதுக்குப் பயமா இருக்கு,” என்றார்.

அன்று மாலைவரை பையன் ஒரே ஒரு தடவைதான் மூச்சு விட மறந்தான். மறுநாள் முழுக்க ஐந்து.

சந்தோஷப்பட நேரமில்லை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் தொண்டை தானாக ஆறப் பார்க்கும். ஆறினால் பழைய குரல் எட்டிப் பார்க்கும். பழைய குரல் எட்டிப் பார்த்தால் மெஷின் மன்னிக்கச் சொல்லும். அதனால் தினமும் காலையில், வார்டுக்குப் போவதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிற கொட்டகைக்குப் போய்ப் பத்து நிமிஷம் கத்தினாள். மனப்பாடம் செய்த வசனம் எதுவும் தேவைப்படவில்லை. அவளிடம் சரக்கு நிறைய இருந்தது. ஜெனரேட்டர் ஆபரேட்டர் முதல் நாள் பயந்துபோய் ஓடிவந்தார். விஷயம் கேட்டபின், “நல்லாத் திட்டும்மா, எங்க சூப்பர்வைசரையும் சேர்த்துத் திட்டு,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இருபதாம் நாள் டாக்டர் சுபத்ரா டார்ச் அடித்து அவள் தொண்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

“புண்ணா இருக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே கிழிச்சா, உங்க பழைய குரல் முழுசாத் திரும்பாது. இது உங்க தொழில். யோசிச்சுக்கோங்க.”

“திரும்பி வந்து யாருக்கு ஆகணும் டாக்டர்? அது அவனுங்க சொத்து.”

வீறாப்பாகச் சொன்னாளே தவிர, அன்றைக்கு வீட்டுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தக் குரல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கருணாகரன் அவளை முதலில் பார்த்தது கிடையாது, கேட்டதுதான். ஒரு நாள் இது முடியும், பையன் பெட்டியைவிட்டு வெளியே வருவான், அப்போது அவன் காதோடு வாய் வைத்து அந்தக் குரலில் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அதை நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் கொட்டகைக்குப் போனாள். மூளைக்கு ஒன்றும் ஆகாமல் பையன் வெளியே வந்துவிட்டால் போதும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு ஐந்திலிருந்து நாலுக்கு வந்தது. நாலிலிருந்து இரண்டுக்கு வந்தது. சில நாள் ஒன்றும் இல்லை. பையன் ஆயிரத்து இருநூறு கிராம் ஆனான், ஆயிரத்து நானூறைத் தாண்டினான். நாற்பத்தொன்றாம் நாள் காலை டாக்டர், முன்பே சொல்லி வைத்திருந்தபடி, “தினம் கொஞ்ச நேரம் வெளிய எடுக்கலாம். நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கோங்க,” என்றார்.

அதற்காக தில்லை மூன்று நாள் முன்னாலிருந்தே கொட்டகைக்குப் போகவில்லை. மைக்கில் வாயைக் குறுக்கி, வித்தையால் ஒப்பேற்றினாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தன் சொந்தக் குரலைச் சொல்லிப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் கீறல் இருந்தது. ஆனால் அது அவளுடைய குரல்தான், வந்துவிட்டது.

பியூலா சிஸ்டர் பையனைத் தூக்கி அவள் மார்பில் குப்புறப் போட்டார். துணிக்குள் ஒரு கைப்பிடிச் சூடு. மானிட்டர் ஒயர் மட்டும் அவன் பாதத்தில் ஒட்டியிருந்தது. தில்லை குனிந்தாள். இத்தனை நாள் கட்டிக் காத்த குரலை எடுத்தாள்.

“கண்ணு. அம்மாடா.”

பையன் விறைத்தான். விரல்கள் எல்லாம் விரிந்தன. முகம் சுருங்கியது. அப்புறம் அசைவே இல்லை. அலாரம் அடித்தது.

“பேசுங்க! அந்தக் குரல்ல பேசுங்க மக்ளே!” சிஸ்டர் காலைச் சுண்டிக்கொண்டே கத்தினார்.

தில்லை தொண்டையை நெரித்து அந்தக் கரகரப்பை வரவழைத்தாள். “டேய், டேய், மூச்சு விடுடா பாவி.” பையனின் முதுகு ஏறி இறங்கியது. விரல்கள் மடங்கின. அவள் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“வயித்துல இருக்கும்போது கேட்டிருப்பானே சிஸ்டர்? நான்தானே பேசினேன்? எட்டு மணி நேரம் ஸ்டூடியோவுல பேசினேனே?”

சிஸ்டருக்குச் சொல்ல மனசில்லை. ஆனாலும் சொன்னார். “காது கேக்க ஆரம்பிக்கதே ஆறாம் மாசத்துலதான். உள்ள இருந்து ரெண்டு வாரம் கேட்டிருப்பான். வெளிய வந்து ஒரு மாசத்துக்கு மேல இதைத்தானே கேக்கான். அவனுக்கு இதுதான் அம்மை.”

யாரையாவது அடிக்க வேண்டும் என்றிருந்தது தில்லைக்கு. அடிப்பதற்கு அந்த அறையில் யாரும் இல்லை. மார்பில் பையன் தூங்கினான். அந்தக் கரகரப்பில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் நிவேதன் வந்தான். மேலே கவுன், முகத்தில் மாஸ்க், கையில் உறையிட்ட ஒரு கடிதம். கண்ணெல்லாம் பூரிப்பு.

“மேடம், குட் நியூஸ்! பொம்மைக் கம்பெனிகிட்ட பேசி, மேனேஜ்மென்ட் உங்களுக்காக ஸ்பெஷலா அனுமதி வாங்கியிருக்காங்க. மனிதாபிமான அடிப்படையில. தொண்ணூறு நாளைக்கு, உங்க சொந்தக் குரலை, உங்க சொந்தக் குழந்தைக்கு, நீங்க எந்த மெஷின்லயும் பயன்படுத்திக்கலாம்!” போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். “அந்தக் குரல்ல குழந்தையை ஒரு தடவை கூப்பிடுங்க மேடம். பத்து செகண்ட் போதும். எங்க கம்பெனி பேஜ்ல போடறோம். எல்லாரும் அழுதுடுவாங்க.”

தில்லைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தத் தாளுக்காகத்தானே கிண்டி கேட்டில் நின்றாள். அன்றைக்கு இதைக் கொடுத்திருந்தால்?

“அதை நீங்களே வச்சுக்குங்க,” என்றாள், பையன் மார்பில் இருந்ததால் அந்தக் கரகரத்த குரலிலேயே. “அது யாருன்னு என் புள்ளைக்குத் தெரியாது.”

நிவேதன் தலையைச் சாய்த்தான். கண்ணில் இருந்த பூரிப்பு போய் வேறொன்று வந்தது. தொழில்காரனின் காது விழித்துக்கொண்டது.

“மேடம், இது என்ன வாய்ஸ்? எங்க லிஸ்ட்ல இல்லையே? பிரமாதமா இருக்கு. ஒப்பந்தத்துல புதுக் குரல்னு ஒரு ஷரத்து இருக்கு, அதை அப்புறம் பேசிக்கலாம். இன்னொரு தடவை சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க, திட்டினாக்கூடப் பரவாயில்லை.” போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

தில்லை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். உலகத்தில் உள்ள அத்தனை வசவும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை. கண்ணால் கதவைக் காட்டினாள். அவன் போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான்.

“ஒரே ஒரு வார்த்தை மேடம்.”

பேச்சு நின்றதும் பையன் நெளிந்தான். குரலைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் தேய்த்தான். மானிட்டரில் தொண்ணூற்று நாலு இருந்த ஆக்சிஜன் எண் தொண்ணூற்று ஒன்று ஆயிற்று. எண்பத்தெட்டு ஆயிற்று. முதுகு ஏறவில்லை. இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்தன. பியூலா சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் வேறொரு பெட்டியில் கைவிட்டிருந்தார். எண்பத்தைந்து.

தில்லை போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“எடுத்துக்கடா,” என்றாள். “எடுத்துக்க, தின்னுங்க, வித்துக்குங்க.” அப்புறம் அவனைப் பார்க்கவேயில்லை. குனிந்து பையனின் காதோடு வாயை வைத்தாள். “மூச்சு விடு தங்கம். அம்மா இருக்கேன். மூச்சு விடு.”

எண்பத்தேழு. தொண்ணூறு. நிவேதன் மூச்சுக்கூட விடாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பின்னால் வந்த பியூலா சிஸ்டர் அவன் கையிலிருந்து போனை எடுத்தார். பிடுங்கவில்லை. ஒரு பஞ்சு உருண்டையை எடுப்பது போல எடுத்தார். “உள்ள கொண்டு வரதையெல்லாம் கழுவித்தான் கொண்டு வரணும் தம்பி. பிள்ளையளுக்கு நோய் வந்துரும் பாத்துக்கிடுங்க,” என்று சொல்லி, கை கழுவுகிற தொட்டியில் இருந்த மருந்துத் தண்ணீருக்குள் அதை முழுக்காட்டினார். சிவப்புப் புள்ளி அணைகிறவரை அமுக்கிப் பிடித்தார். “மெமோ குடுப்பாவ. குடுக்கட்டு. ரெண்டாவது மெமோ.”

நிவேதன் என்னென்னவோ சொன்னான். பத்தொன்பதாவது ஷரத்து என்றான், வக்கீல் என்றான். சிஸ்டர் அவனை முழங்கையால் தள்ளிக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார்.

“இன்னைக்கு போனுல இல்ல. நாளைக்கு வேற எதையாவது தூக்கிட்டு வருவானுங்க மக்ளே,” என்றார் திரும்பி வந்து.

தில்லை தலையை ஆட்டினாள். வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பதாவது குரல் ஒன்றைத் தொண்டையைக் கிழித்து உண்டாக்கினாலும், அதை இவன் அம்மா என்று ஒத்துக்கொள்ள இன்னொரு மாசம் வேண்டும் என்றும் தெரியும். சொந்தக் குரல் இன்னும் ஓரமாக இருந்தது. இனி அதை இந்தப் பிள்ளை முன்னால் எடுக்கவே முடியாது.

அவ்வளவு கோபத்தையும் அந்தக் கரகரப்புக்குள் போட்டு, சின்னதாக்கி, பையன் தலைமேல் வைத்தாள்.

“பேசிக்கிட்டே இருக்கேன்டா. நீ விடு.”

அவன் விட்டான்.